எண்பதுக்குக் கீழே

ஜூன் 14

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் டயட்டீஷியன் பிரிசில்லா. என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தண்ணீர், எத்தனை கிலோ. பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு நோட்டு போடுவது இதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவுக்கு. உள்ளே போகும்போது 112 கிலோ. இன்று 104.

காலை ஒரு முட்டை, பாதி இட்லி. அந்தப் பாதி இட்லியைத் தின்ன இருபது நிமிடம். மதியம் குழைத்த ரசம் சாதம் நான்கு ஸ்பூன், கெட்டிப் பருப்பு. மாலை புரோட்டீன் பவுடர், சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்த மாதிரி.

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ஸ்டாப் ரூமில் எல்லோரும் மேலும் கீழும் பார்த்தார்கள். "முட்டி வலி தாங்க முடியலீங், அதான்" என்றேன். எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். முட்டி வலியும் பொய்யில்லை.

ஜூன் 22

103.2.

பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் என் தம்பி நவநீதனுக்கு இன்று டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி காலையில் போவான். இரண்டரை வருடமாக அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. முப்பத்து நான்கு வயது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது அடுத்தவர்கள் எடுத்ததை வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்து கொடுக்கிறான்.

மதியம் வந்தவன் நேராக என்னுடைய தராசில் ஏறி நின்றான்.

"அக்கா, நாலு மணி நேரத்துல ரெண்டேமுக்காக் கிலோ எறக்கிட்டு வந்திருக்கறேன். நீ ஒரு வாரமா என்ன பண்டிட்டு இருக்கறே?"

"உன்னுது வெறுந்தண்ணிடா."

"தண்ணின்னாலும் கிலோ கிலோதானே?"

ஒரே வீட்டில் இரண்டு அளவுக்காரர்கள். நான் நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தாக வேண்டும். ஒரு மடக்குக்கு மேல் இறங்காது. அவனுக்கு எழுநூறு மில்லிதான். ஒரு சொம்பையே முழுங்கிவிடுவான் போலப் பார்க்கிறான். அவன் எதிரில் நான் தண்ணீர் பாட்டிலை எடுப்பதில்லை.

ஜூலை 9

101.9. நோயாளிகளுக்கான வாட்ஸப் குழுவில் பெருந்துறைக்காரர் ஒருவர் பழைய பேண்டுக்குள் இரண்டு காலையும் ஒரே பக்கம் நுழைத்துக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு வாரம் கழித்து ஆபரேஷன் ஆனவர். இருபத்திரண்டு கிலோ குறைந்துவிட்டதாம். கைதட்டல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வீடு கூட்டினேன்.

ஜூலை 30

100.6.

ஆகஸ்ட் 6

100.1.

ஆகஸ்ட் 13

100.1.

ஆகஸ்ட் 20

100.1. பேட்டரியை மாற்றினேன். தராசை அடுக்களையிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். 100.1.

என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி பேப்பர் படித்தபடியே சொன்னார்: "அது என்ன பண்ணும் பாவம்? இருக்கறதைத்தானே காட்டும்."

அவரோடு மதியம் வரை பேசவில்லை.

ஆகஸ்ட் 27

இந்த நோட்டு இனிமேல் பீரோவுக்குள். அதனால் எழுதலாம்.

முட்டிக்காக நான் வயிற்றை வெட்டிக்கொள்ளவில்லை. நவநீதனுக்கு என் ரத்த வகைதான். அப்பா அம்மா இருவரும் இல்லை. உடன்பிறந்தவள் நான் ஒருத்தி. என்னுடைய எடைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சிறுநீரகத்தை எடுப்பது ஆபத்து, மிச்சமிருக்கும் ஒன்றுக்கும் பின்னால் பாரம் என்றார் சிறுநீரக டாக்டர். "எண்பது கிலோவுக்குக் கீழ வாங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார். பட்டினி, நடை, ஆயுர்வேதம், கொள்ளுக் கஞ்சி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆபரேஷனுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கும் பிரிசில்லாவுக்கும் மட்டும் தெரியும். நவநீதனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இன்னும் இருபது கிலோ.

செப்டம்பர் 11

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எடைதான் குறையவில்லை, முடியாவது குறைகிறது.

செப்டம்பர் 24

பிரிசில்லாவைப் பார்க்கப் போனேன். 97.8. இந்நேரம் 92 இருக்க வேண்டுமாம். என் பட்டியலை வரி வரியாகப் படித்தார். முட்டை, பருப்பு, கீரை, தயிர். எங்கேயும் தப்பில்லை.

"டீச்சர், பள்ளிக்கூடத்துல பத்தரை மணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"இன்டர்வல்லுங். டீ குடிப்போம்."

"டீயை எழுதவே இல்லையே?"

"அது சாப்பாடு இல்லீங்களே."

"சர்க்கரை போட்டதா? கூட என்ன?"

வறுக்கி, அந்த மொறுமொறு பேக்கரி பிஸ்கட். ஒன்று. சில நாள் மூன்று. டீயில் தொட்டால் கரைந்துவிடும். சின்ன வயிறு தடுப்பதில்லை. சாயங்காலமும் ஒரு டீ உண்டு. பிள்ளைகள் ரெக்கார்டில் ரீடிங்கை மாற்றிப் போட்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பவள் நான்.

அவர் திட்டவில்லை. "வறுக்கி மட்டும் காரணம் இல்லைங்க. உங்க உடம்பு மெதுவான உடம்பு. சிலருக்கு அப்படித்தான். நிக்கும், எறங்கும், மறுபடி நிக்கும். ஆனா எறங்கும்" என்றார்.

மெதுவான உடம்பு. என் அவசரம் அதற்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 15

97.1. டீயில் சர்க்கரை இல்லை. வறுக்கி இல்லை. ஸ்டாப் ரூமில் இன்டர்வல் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 10

ஆறு மாதம். 95.4.

இன்று தெரிந்துவிட்டது.

குளித்துக்கொண்டிருந்தேன். என் போன் அடித்திருக்கிறது, நவநீதன் எடுத்திருக்கிறான். சிறுநீரகப் பிரிவிலிருந்து ஒரு பெண். "மேடம் எண்பது கிலோவுக்கு வந்துட்டாங்களா சார்? டோனர் டெஸ்ட் எப்ப வெச்சுக்கலாம்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

தலையில் துண்டோடு வெளியே வந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"முட்டி வலின்னு சொன்னே."

"முட்டியும் வலிக்குதுடா."

"எனக்காகவா உன்ற வயித்தை அறுத்துக்கிட்டே? டேபிள் மேலயே போயிருந்தீன்னா? மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"போகலையே."

"உன்ற கிட்னி எனக்கு வேண்டாம். நீ எண்பதுக்கு வா, அறுபதுக்கு வா. நான் வாங்க மாட்டேன்."

போனை டிவி மேல் வைத்துவிட்டுப் போனான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 21

பதினோரு நாளாகப் பேச்சில்லை. சாப்பாட்டை என் வீட்டுக்காரர் கொண்டு போய்க் கொடுக்கிறார். காலி டிபன் வருகிறது, கழுவித் துடைத்து.

எடை பார்க்கவில்லை.

டிசம்பர் 3

காலையில் வ.உ.சி. பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் பின்னால் செருப்புச் சத்தம். நவநீதன்.

"என்ன இவ்வளவு மெதுவா நடக்கறே? கையை வீசி நட."

"நீ வாங்கறதில்லைன்னு சொன்னியே."

"வாங்கறதில்லைதான். நடக்கறதுக்கு என்ன?"

இரண்டு சுற்று வந்தான். அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் போகும்போதெல்லாம் "வெசையா, வெசையா" என்று கத்தினான். நடக்க வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

93.6.

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது. ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன்; எழுதிவிட்டேன். 91. நவநீதன் டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் பூங்காவுக்கு வருகிறான். கிட்னி என்ற சொல்லை இருவருமே எடுப்பதில்லை.

பிப்ரவரி 5

இன்று காலை அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனான். வெயில். எவ்வளவு குடித்தானோ. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆம்புலன்சில் உட்கார்ந்தபடியே போனான், படுக்க முடியவில்லை. ஐசியூ.

டாக்டர் வெளியே வந்து, "இந்தத் தடவை சமாளிச்சுட்டோம். இருதயமும் கொஞ்சம் களைச்சுப் போயிருக்குது. ரொம்ப நாள் இப்படியே ஓட்ட முடியாதுங்க" என்றார்.

90.2. இன்னும் பத்து கிலோ. மாதம் இரண்டு என்றால் ஐந்து மாதம். ஐந்து மாதம் யாரிடம் இருக்கிறது?

பிப்ரவரி 6

தண்ணீர். இரண்டு டம்ளர் மோர்.

பிப்ரவரி 7

தண்ணீர். ஒரு டம்ளர் மோர். 89.5.

பிப்ரவரி 8

தண்ணீர். 89.1. பசியே இல்லை. இதை முன்பே செய்திருக்கலாம்.

பிப்ரவரி 10

நேற்று எழுத முடியவில்லை. லேபில் பதினொன்றாம் வகுப்புக்கு பியூரெட்டை மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, தரையில் என் தலை ஒரு பிள்ளையின் மடியில், இன்னொருத்தி நோட்டால் விசிறுகிறாள், மூன்றாவது ஒருத்தி அழுகிறாள்.

நவநீதன் இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவன் ஐசியூவிலிருந்து இரண்டாம் மாடி வார்டுக்கு வந்திருந்தான். நான் கீழே, கையில் டிரிப்ஸ்.

பிரிசில்லா வந்தார். இந்த முறை திட்டினார். "பட்டினி கெடந்தா கொழுப்பு போகாது டீச்சர், சதைதான் போகும். ரத்தம் கொறையும். எண்பது வந்தாலும் உங்ககிட்ட யாரும் கிட்னி எடுக்க மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது லேசான ஆள் இல்ல, ஆரோக்கியமான ஆள்."

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எதற்கும் பதறாதவர். பிரட் துண்டைப் பாலில் நனைத்து வாயருகே கொண்டுவந்தார். "ரெண்டு பேரையும் ஒரே நாள்ல ஆஸ்பத்திரிக் கட்டில்ல பாக்கற மாதிரி வெச்சுட்டயே, பூங்கொடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மென்று முழுங்கினேன்.

பிப்ரவரி 11

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும்.

காலையில் நவநீதனை வீல் சேரில் வைத்து என் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எதுக்குக்கா இப்படிப் பண்றே?"

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, இந்த நோட்டிலும் எழுதாததை.

முதன்முதலில் என்னைச் சோதித்த அன்று டாக்டர், "ரத்தம் சேருது, ஆனா இந்த எடையில உங்களைத் தொட முடியாதுங்க" என்றார். அவன் எதிரே நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். ஆனால் அன்று எனக்குள் வந்தது வருத்தமில்லை. நிம்மதி. கத்தி எனக்கில்லை என்ற நிம்மதி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தள்ளுவண்டியில் ஒரு தட்டு காளான் வாங்கித் தின்றேன். ருசியாக இருந்தது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தின்றேன். எடை குறையாமல் இருக்கத்தான் தின்றேனோ என்று இப்போது சந்தேகம். நூறு கிலோவில் தராசு நின்றபோது, என் உடம்பு இன்னும் ஒளிந்துகொள்கிறது என்றுதான் நினைத்தேன்.

சொல்லி முடித்தபோது தலையணை நனைந்திருந்தது.

நவநீதன் என் கையைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்: "அன்னைக்கு உன்ற மொகத்தைப் பாத்தேன். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும். எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. உன்கிட்ட வாயைத் தொறந்து கேக்க வேண்டியதில்லையேன்னு."

பக்கத்துக் கட்டில் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படிக்கா? இன்னும் பயமா இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கும் இருக்குது." பிறகு அவன் குரல் மாறியது. "சரி. கொடு, வாங்கிக்கறேன். ஆனா பட்டினி கெடந்து கொடுத்தீன்னா வாங்க மாட்டேன். மெதுவாவே வா. அது வரைக்கும் ஒரு சொட்டு எச்சாக் குடிக்காம நான் ஒழுங்கா இருக்கறேன். நீ ஒழுங்கா தின்னு."

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

மார்ச் 3

89.4. ஏறியிருக்கிறது. சாப்பிட ஆரம்பித்ததால் ஏறும் என்று பிரிசில்லா முன்பே சொல்லிவிட்டார். அழவில்லை. முட்டை இரண்டு, மீன் குழம்பில் ஒரு துண்டு, கொண்டைக்கடலை.

மார்ச் 31

87.

ஏப்ரல் 21

85.3. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கைப்பிடி இருப்பதையே கவனித்தேன்.

மே 10

ஒரு வருடம். 84.1. வாட்ஸப் குழுவில் பெருந்துறைக்காரர் ஆறு கிலோ திரும்ப ஏறிவிட்டதாக எழுதியிருந்தார். யாரும் பதில் போடவில்லை. நான் தனியாகக் கூப்பிட்டேன். "பத்தரை மணிக்கு என்னங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அரைமணி நேரம் பேசினோம்.

ஜூன் 16

81.8. இந்த மாதம் முழுவதும் நவநீதன் இரண்டு கிலோவுக்கு மேல் நீர் ஏறாமல் வந்திருக்கிறான். டயாலிசிஸ் சிஸ்டர் பாராட்டினாராம். மார்க் ஷீட் காட்டுகிற பையன் மாதிரி வந்து சொன்னான்.

ஜூலை 7

80.3. நவநீதன் சொல்கிறான்: "வளையலைக் கழட்டிட்டு ஏறு."

கழற்றினேன். 80.3.

"தோடு?"

"போடா."

ஜூலை 21

79.6.

தராசில் நின்றபடி கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தார், நவநீதன் எடிட்டிங்கை விட்டுவிட்டு வந்தான். மூவரும் குனிந்து பார்த்தோம். நான் இறங்கி மறுபடி ஏறினேன். 79.6.

என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தோசை கருகுது" என்று உள்ளே போனார்.

ஆகஸ்ட் 23

ஒரு மாதமாக ரத்தம், சிறுநீர், ஸ்கேன், இருதயம். என் இரண்டு சிறுநீரகமும் நல்ல நிலையில் இருக்கிறதாம். இன்று உறுப்பு தான ஒப்புதல் குழு. நீண்ட மேசை, ஐந்து பேர், ஒரு வீடியோ கேமரா. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், சின்ன வயதுப் போட்டோ எல்லாம் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரைத் தனியாகக் கேட்டார்கள்.

பிறகு என்னிடம், கண்ணாடி போட்ட ஓர் அம்மா கேட்டார்: "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லீங்."

"பயம் இல்லையா?"

"இருக்குதுங். மொதல்ல ரொம்ப இருந்துச்சு. பதினஞ்சு மாசம் ஆச்சுங்களே, பழகிக்கிட்டோம்."

எடை வெசையாகக் குறைந்திருந்தால் இந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது. வெளியே வந்தபிறகுதான் இது தோன்றியது.

செப்டம்பர் 18

நாளை காலை ஏழு மணிக்கு. நவநீதன் பக்கத்து அறையில். சுவரைத் தட்டினான். நானும் தட்டினேன். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 22

பேனா பிடிக்க முடிகிறது. இருமினால் வலது பக்கம் உயிர் போகிறது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முகமூடியோடு நவநீதன். சிறுநீர் வந்துகொண்டே இருக்கிறதாம், ஊரெல்லாம் போன் செய்து சொல்கிறான். நாற்பது வயதில் இப்படியொரு செய்திக்கு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

நவம்பர் 13

பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது நாள். 77.2. இனி எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று பிரிசில்லாவைக் கேட்டேன். "எந்த எண்ணும் இல்லைங்க. நடங்க, சாப்பிடுங்க, எழுதுங்க" என்றார். வெறும் எனக்காக நடப்பது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது. பழகிவிடும்.

ஆறு வருடமாக மேல்மாடி வகுப்புகளை எனக்குப் போட்டதில்லை. இந்த வாரம் ஹெச்.எம். தயங்கித் தயங்கி, பன்னிரண்டாம் வகுப்பை எடுக்க முடியுமா என்று கேட்டார். இருபத்தாறு படி. நடுவில் ஓரிடத்தில் நின்றேன், மூச்சு வாங்க அல்ல, எவ்வளவு ஏறியிருக்கிறேன் என்று பார்க்க.

நவநீதனுக்கு இன்று ரத்தப் பரிசோதனை. அதனால் போனைச் சத்தமில்லாமல் மேசை மேல் வைத்திருந்தேன். பாதிப் பாடத்தில் வெளிச்சம் வந்தது. அவன் எழுதியிருந்தது ஓர் எண் மட்டும்: 1.1. டயாலிசிஸ் நாட்களில் அது ஒன்பது, பத்து என்று இருக்கும்.

திரும்பி, கரும்பலகையின் மூலையில் 1.1 என்று எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. முன் பெஞ்சில் ஒரு பிள்ளை அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "மிஸ், இது எதோட அளவுங்க?" என்றாள்.

"கிரியாட்டினின்" என்றேன். "நைட்ரஜன் இருக்கற ஒரு சேர்மம். பரீச்சைக்கு வராது."

மணி அடிக்கும் வரை அதை அழிக்கவில்லை.